தளத்துக்கு எத்தனை மூட்டை, தம்பி?

டிப்ளமோ முடித்து இலுப்பூரில் சைட்டுக்கு வரும் பையனிடம் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி இது. "மேஸ்திரியைக் கேட்டுச் சொல்றேன்" என்று நழுவினால், அடுத்த முறை அவர் நேராக மேஸ்திரியிடமே போய்விடுவார். கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்.

30க்கு 20 வீடு, 600 சதுர அடி. மாடிப்படிக்கு விட்ட 60 போக 540. தளம் 5 அங்குலக் கனம். 5ஐ 12ஆல் வகுத்து அடியாக்கிப் பெருக்கினால் 225 கனஅடி. பலர் இங்கேயே நோட்டை மூடிவிடுகிறார்கள். கீழே தொங்கும் பீம் யார் கணக்கு? 9 அங்குல அகலம், தளம் போக 10 அங்குல ஆழம், 100 அடி நீளம்: 62.5. சன்ஷேடு 2 அடி அகலம், சராசரி 3 அங்குலக் கனம், 30 அடி நீளம்: 15. சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் மொத்தம் 318 கனஅடி, அதாவது 9 கனமீட்டர். கம்பி அடைக்கும் இடத்தைக் கழிக்க வேண்டாம்.

ஜல்லி இடுக்கில் மணலும், மணல் இடுக்கில் சிமெண்டும் புகுந்துகொள்ளும். அதனால் 1.54ஆல் பெருக்குங்கள்: 490. எம்20 கலவை 1:1½:3, ஆக 5½ பங்கு. ஒரு பங்கு 89 கனஅடி. 50 கிலோ மூட்டை சுமார் 1.23 கனஅடி என்பதால் சிமெண்ட் 73 மூட்டை. எம்சாண்ட் 134, முக்கால் ஜல்லி 267 கனஅடி. நூறு கனஅடி ஒரு யூனிட். லாரிக்காரர் "மூணு யூனிட்" என்பார். பாடியில் டேப் வைத்து அளந்த பிறகே கொட்டச் சொல்லுங்கள். வரைபடத்தில் எம்25 என்றிருந்தால் இந்த விகிதம் செல்லாது, மிக்ஸ் டிசைன் வேண்டும்.

இவ்வளவும் காகிதக் கணக்கு. சென்ட்ரிங் அடித்து முடித்ததும் நூல் கட்டி, நாலைந்து இடத்தில் கனம் பாருங்கள். தகடு அரை அங்குலம் இறங்கியிருந்தால் 22.5 கனஅடி கூடும். ஐந்து மூட்டை போச்சு. ஏறியிருந்தால் மிச்சம் என்று மகிழாதீர்கள், கம்பிக்குக் கவர் கிடைக்காது.

தளம் போடும் நாளில் பிரியாணிக் கணக்கை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். நீங்கள் காலிச் சாக்கை எண்ணுங்கள். மூட்டைக்கு ஏறக்குறைய 4.4 கனஅடி கலவை விழும். 20 சாக்கு காலியானபோது கால்வாசித் தளம்கூட மூடவில்லையென்றால் உடனே கடைக்குச் சொல்லுங்கள். சாயங்காலம் சிமெண்ட் தீர்ந்து அன்னவாசலுக்கு வண்டி ஓடித் திரும்புவதற்குள் போட்ட கான்கிரீட் இறுகிவிடும். ஐப்பசி மழையில் ஒழுகுவது அந்த ஒட்டு விழுந்த இடத்தில்தான்.