தெருவாரித் தேர்தல்: முதலில் கேட்பது, பிறகு கோடு போடுவது

 

நமது ஜமாஅத் நிர்வாகக் குழுவை இனித் தெருவாரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று, பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியேறியிருக்கும் குடும்பங்கள் எழுத்து மூலம் கோரிக்கை தந்திருக்கிறார்கள். வரும் பொதுக்குழுவில் இது பேசப்பட இருக்கிறது. "பள்ளியைச் சுற்றியுள்ள நான்கு தெருவுக்காரர்களே எப்போதும் நிர்வாகத்துக்கு வருகிறார்கள்" என்று ஒரு சாரார் வருந்துகிறார்கள். "தெருத் தெருவாகப் பிரித்தால் ஜமாஅத் உடைந்துவிடும்" என்று மறு சாரார் அஞ்சுகிறார்கள். இரு சாராரும் நம்மவர்களே. ஆகவே, இதே கேள்வியைச் சந்தித்த வேறோர் இடத்தில் என்ன செய்தார்கள் என்பதை இந்த இதழில் ஒரு பாடமாகப் பார்ப்போம்.

கலந்தாலோசனையின் பெயரிலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு, அஷ்ஷூரா. அதன் 38ஆம் வசனம், கலந்தாலோசித்துக் காரியம் செய்வதைத் தொழுகையோடும் இறைவழியில் செலவிடுவதோடும் சேர்த்து முஃமின்களின் பண்பாகச் சொல்கிறது. யாரிடம் ஆலோசனை கேட்கப்படுகிறது, யார் விடுபட்டுப் போகிறார் என்பது தேர்தல் முறையைப் பொறுத்தது. அதனால் இது நமக்குச் சிறிய விஷயம் அல்ல.

கலிபோர்னியாவின் 'மாவட்டங்கள்'

மாவட்டம் என்றால் நமக்கு ஆட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. குடிநீர், தீயணைப்பு, மருத்துவமனை, பூங்கா, அடக்கத்தலம் என்று ஒவ்வொரு பணிக்கும் அங்கே தனித்தனி மாவட்டங்கள் இருக்கின்றன. இப்படித் தனித்து இயங்குபவை மட்டும் சுமார் 2,000. பெரும்பாலும் ஐந்து இயக்குநர்கள் கொண்ட வாரியம் ஒன்று அதை நடத்தும். பெரும்பாலான இடங்களில் அவர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். எல்லா இடங்களுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் நடக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏறக்குறையப் பாதி இடங்களுக்குத் தேர்தல் நடக்கும். பள்ளிக்கூடங்களுக்கும் இதேபோல் தனி மாவட்டமும் வாரியமும் உண்டு.

அங்கே மூன்று வகைத் தேர்தல் முறைகள் இருந்தன. முதலாவது, ஊர் முழுவதும் சேர்ந்து எல்லா இடங்களுக்கும் வாக்களிப்பது. இரண்டாவது, வேட்பாளர் குறிப்பிட்ட வட்டத்தில் குடியிருக்க வேண்டும், ஆனால் வாக்களிப்பது ஊர் முழுவதும். மூன்றாவது, வட்டத்துக்கு ஓர் இயக்குநர், அந்த வட்டத்தார் மட்டுமே வாக்களிப்பார்கள். இரண்டாவது முறையைப் பார்த்தால் வட்டத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்த ஆளை முடிவு செய்வது மற்ற வட்டங்களின் வாக்குத்தான். ஆகவே கலிபோர்னியச் சட்டம் முதல் இரண்டையும் ஒரே வகையாகவே கருதுகிறது.

ஒரு சிறிய கணக்கு

பத்தாயிரம் வாக்காளர்கள், ஐந்து இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாரார் 6,000 பேர், மறு சாரார் 4,000 பேர். இரு சாராரும் தத்தம் ஆட்களுக்கே வாக்களிக்கிறார்கள். ஊர் முழுவதும் சேர்ந்து வாக்களித்தால் ஐந்து இடங்களும் 6,000 பேருக்கே போகும். பத்தில் நால்வராக இருப்பவர்களுக்கு ஓர் இடம்கூடக் கிடையாது. ஒரு தேர்தலில் மட்டுமல்ல, எத்தனை தேர்தல் நடந்தாலும் இதே முடிவுதான். இதில் யாரும் முறைகேடு செய்யவில்லை, கள்ள ஓட்டும் போடவில்லை. முறையே அப்படி அமைந்திருக்கிறது.

அதே ஊரை 2,000 பேர் வீதம் ஐந்து வட்டங்களாகப் பிரிப்போம். அந்த 4,000 பேர் பெரும்பாலும் இரண்டு வட்டங்களில் சேர்ந்து வாழ்ந்தால் அவர்களுக்கு இரண்டு இடங்கள் கிடைக்கும். வட்டத்துக்கு 800 பேராகச் சிதறி வாழ்ந்தால், ஒவ்வொரு வட்டத்திலும் எதிரே 1,200 பேர் இருப்பார்கள். வட்டம் பிரித்தும் பலன் இல்லை. ஆக, வட்டவாரித் தேர்தல் எல்லா ஊருக்கும் பொருந்தும் மருந்து அல்ல. மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள், கோடு எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது பலன் தரும்.

பேரீச்சை நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு

தெற்குக் கலிபோர்னியாவில் கோச்செல்லா பள்ளத்தாக்கு என்ற பாலைவனப் பகுதி இருக்கிறது. அரபு நாடுகளிலிருந்து கொண்டுபோன பேரீச்சை அங்கே நன்றாக விளைகிறது. மெக்கா என்ற பெயரிலேயே அங்கு ஒரு சிற்றூர் உண்டு. 1918இல் அமைக்கப்பட்ட கோச்செல்லா பள்ளத்தாக்கு நீர் மாவட்டம், சுமார் 1,000 சதுர மைல் பரப்பில் பணி செய்கிறது. அதன் மேற்கே கோல்ஃப் மைதானங்களும் வசதியான குடியிருப்புகளும் உள்ளன. கிழக்கே தோட்ட வேலை செய்யும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் பலருடைய வீடு, வரிசையாக நிறுத்தப்பட்ட நடமாடும் வீட்டுப் பெட்டிகள். சில குடியிருப்புகளில் கிணற்று நீரில் ஆர்சனிக் நஞ்சு.

இந்த நீர் மாவட்டம் 2014 தேர்தலில் வட்டவாரி வாக்களிப்புக்கு மாறியது. கிழக்குப் பகுதியைச் சேர்ந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஒருவர் அதில் இயக்குநரானார். வாரியத்தில் அச்சமூகத்தவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. அதனால் மறுநாளே எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர் வந்துவிடவில்லை. 2019இல்கூட, அப்பகுதியின் ஒரு குடியிருப்புக்கு ஆர்சனிக் காரணமாக மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவசர உத்தரவு பிறப்பித்தது. பிரதிநிதி வருவது குறை தீர்வதன் தொடக்கமே. ஆனால் குறையைச் சொல்ல உள்ளே ஆளே இல்லாத இடத்தில் அந்தத் தொடக்கமும் இராது.

மாற்றம் எப்படி வந்தது?

கலிபோர்னிய வாக்குரிமைச் சட்டம் 2002இல் கையெழுத்தாகி, 2003 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊர் முழுவதும் வாக்களிக்கும் முறையால் இனம், நிறம், மொழி அடிப்படையிலான சிறுபான்மையினரின் வாக்கு வலுவிழந்தால், வாக்காளர் ஒருவர் நீதிமன்றம் போகலாம். யாரோ வேண்டுமென்றே அநீதி செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. மதச் சிறுபான்மை அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுத்துப் பார்த்த ஊர்களும் உண்டு. மொடெஸ்டோ நகரம் வழக்கை எதிர்த்தது. சட்டம் செல்லும் என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கடைசியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு நகரம் கொடுத்தது 30 லட்சம் டாலர். பாம்டேல் நகரம் தோற்று, 2015இல் சுமார் 45 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மடேரா பள்ளி மாவட்டத்தில் 2008 நவம்பர் தேர்தலின் முடிவை உறுதிப்படுத்த நீதிமன்றமே தடை விதித்தது. பழைய முறையைக் காப்பாற்றச் செலவானது பொதுப்பணம். பொதுப்பணம் அமானிதம் என்பதை நமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த வீண் செலவைக் குறைக்க 2017 முதல் ஒரு வழி செய்யப்பட்டது. குறையுள்ளவர் முதலில் வாரியத்துக்குப் பதிவுத் தபால் போன்ற சான்றுள்ள தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். 45 நாட்கள் வரை வழக்குப் போட முடியாது. அதற்குள் "மாறப் போகிறோம்" என்று வாரியம் தீர்மானம் போட்டால், மாற்றத்தை முடிக்க மேலும் 90 நாட்கள் கிடைக்கும். கடிதம் எழுதியவருக்குத் தரவேண்டிய செலவுத் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் அது 30,000 டாலர். பிறகு விலைவாசிக்கேற்ப உயர்கிறது.

நாம் கவனிக்க வேண்டிய வரிசை

அந்த நாட்களுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது. நமக்குரிய பாடம் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதலில், வரைபடம் எதுவும் போடுவதற்கு முன்பே இரண்டு பொதுக்கூட்டங்கள். எந்தத் தெருக்கள் சேர்ந்திருக்க வேண்டும், எந்த மக்களுக்கு ஒரே தேவை இருக்கிறது என்று அங்கே யாரும் எழுந்து சொல்லலாம். மதத்தின் பெயரால் வழக்குத் தொடர முடியாதவர்களும், "எங்கள் பகுதியை இரண்டாக வெட்டாதீர்கள்" என்று இங்கே பேசலாம்.

இரண்டாவதாக, வரைபடத்தைக் கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாட்கள் முன்னதாக எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். எந்த வட்டத்துக்கு எந்த ஆண்டில் தேர்தல் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அதன்பின் மேலும் இரண்டு கூட்டங்கள். வரைபடம் திருத்தப்பட்டால் மீண்டும் ஏழு நாட்கள் அவகாசம். அதற்குப் பிறகே இறுதி முடிவு.

மூன்றாவதாக, வட்டங்கள் மக்கள்தொகையில் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். இங்கே எண்ணப்படுவது வாக்காளர்கள் மட்டுமல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள எல்லோரும், குழந்தைகளும் வாக்குரிமை இல்லாதவர்களும் எண்ணப்படுகிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு வந்ததும் கோடுகளைச் சரிபார்க்க வேண்டும்.

நான்காவதாக, ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பதவிக்காலம் புதுக் கோட்டால் பாதியில் முறிவதில்லை. அவர் தம் காலத்தை முடிப்பார். மாற்றம் யாரையும் வெளியேற்றும் ஆயுதமாக ஆகாமலிருக்க இது நல்ல ஏற்பாடு.

சிதறி வாழ்பவர்களுக்கு என்ன வழி?

சாண்டா மோனிகா நகர வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. அங்கே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வாக்காளர்களில் சுமார் 14 விழுக்காடு. எப்படிக் கோடு போட்டாலும் எந்த வட்டத்திலும் அவர்கள் பெரும்பான்மை ஆக முடியாது. 2023 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம், வட்டத்தில் பெரும்பான்மை ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்றது. சட்டத்துக்கு உட்பட்ட வேறு ஏதேனும் முறையில் அவர்கள் விரும்பும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும் என்று விளக்கியது.

அத்தகைய முறைகளில் ஒன்று, வாக்குகளைக் குவிக்கும் முறை. ஐந்து இடம் என்றால் ஒருவருக்கு ஐந்து வாக்கு. ஐந்தையும் ஒரே வேட்பாளருக்கும் போடலாம். நமது பழைய கணக்கில் 4,000 பேரிடம் 20,000 வாக்குகள். அவற்றை இரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 10,000. மறு சாராரின் 30,000 வாக்குகளை நான்கு பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு 7,500தான். ஆக, தெருவைப் பிரிக்காமலேயே சிறு சாராருக்கு இரண்டு இடங்கள் உறுதி. "பிரித்தால் உடைந்துவிடும்" என்று அஞ்சுபவர்களும் சிந்திக்கத்தக்க வழி இது.

நமது மஹல்லாவுக்கு

பள்ளிவாசல் ஜமாஅத் அரசு வாரியம் அல்ல. கலிபோர்னியச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. நமக்கு நமது பைலா உண்டு, அதில் திருத்தம் செய்வதற்கான விதியும் உண்டு. ஆனாலும் அந்த வரிசை நமக்குப் பயன்படும் என்று நமது அறக்கட்டளை கருதுகிறது. பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் யோசனைகள் இவை:

1. தெருவாரியா, பழைய முறையா என்று கை தூக்கச் சொல்லும் முன், தொலைவிலுள்ள பகுதிகளிலேயே இரண்டு கூட்டங்கள் நடத்த வேண்டும். பெண்கள் தங்கள் கருத்தைச் சொல்ல ஒரு கூட்டம் தனியாகவும் வேண்டும்.

2. சந்தா கட்டும் தலைக்கட்டுகளை மட்டும் எண்ணாமல், வாடகைக்குக் குடியிருப்போர், ஆண் துணையில்லாத குடும்பங்கள் என எல்லோரையும் எண்ண வேண்டும். பைத்துல்மால் உதவியும் முதியோர் உதவித்தொகை விண்ணப்பமும் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

3. எல்லைகளை வகுப்பவர்கள் அடுத்த தேர்தலில் போட்டியிடாதவர்களாக இருக்க வேண்டும். இது கலிபோர்னியச் சட்டத்தில் உள்ள விதியல்ல, நமது சொந்த யோசனை.

4. வகுத்த பட்டியல் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் குறைந்தது இரண்டு ஜும்ஆக்கள் இருக்க வேண்டும்.

5. இப்போதைய நிர்வாகிகள் தங்கள் காலத்தைக் கண்ணியத்தோடு முடிக்க வேண்டும்.

எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் நிர்வாகி எல்லாத் தெருவுக்கும் பொறுப்பாளர். ஜனாஸா எந்த வீட்டில் என்றாலும் சந்தூக்கு ஒன்றுதான் போகிறது. ஆகவே பொதுக்குழுவுக்கு வரும்போது "எங்கள் தெருவுக்கு என்ன கிடைக்கும்" என்பதோடு, "இதுவரை யாருடைய குரல் நமக்குக் கேட்காமல் போயிருக்கிறது" என்ற கேள்வியையும் ஒவ்வொரு குடும்பமும் கொண்டுவர வேண்டுகிறோம். வீட்டிலுள்ள பெரியவர்கள், பெண்கள், கல்லூரி செல்லும் பிள்ளைகள் எல்லோரோடும் இதை ஒரு வேளை உணவின்போது பேசிவிட்டு வாருங்கள். எழுத்தில் கருத்துச் சொல்ல விரும்புவோர் அறக்கட்டளை அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு தரலாம்.

அல்லாஹ் நமது காரியங்களை நல்ல ஆலோசனையின் மீதும் ஒற்றுமையின் மீதும் ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்