தொல்காப்பியர் கண்ட நகையும் தொலைக்காட்சிச் சித்திரக் குடும்பமும்

முன்னுரை

மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், நகையையே முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் வகுத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. பிறரை இகழ்வதால் வருவது எள்ளல். மழலைத்தனத்தால் வருவது இளமை. எதையும் ஆராயாமல் நம்பும் அறியாமை பேதைமை. ஒருமுறை பற்றிக்கொண்டதை விடாத தன்மை மடன்.

தமிழ் வகுப்பில் இந்நான்கையும் நாம் மனப்பாடம் செய்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆயின் மாலையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னும், தந்தையின் கைப்பேசியிலும் நாம் சிரிக்கும் சிரிப்பு இந்நான்கில் எவ்வகையைச் சேர்ந்தது என்று என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? ஒரு சித்திரக் குடும்பத்தைத் துணையாகக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாவையிலிருந்து சித்திரம் வரை

அசையும் படத்தைக் கண்டு சிரிப்பது நம் தென்பாண்டி மக்களுக்குப் புதிதன்று. வெள்ளைத் திரையின் பின்னே விளக்கேற்றி, தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளை ஆட்டி இராமாயணம் நடத்திய தோற்பாவைக் கூத்து, நெல்லை, குமரி, மதுரைச் சீமைகளில் ஊர் ஊராக நடந்த கலையாகும். அதில் இராமனும் இராவணனும் ஓய்வெடுக்கும் நேரத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து விடுவார்கள். ஊர் நடப்பையும் பெரிய மனிதர்களையும் அவர்கள் கேலி செய்ய, கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அதே கலைதான் மேலை நாட்டில் திரைப்படச் சுருளில் ஏறியது. ஒரு நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் கண்முன் ஓடினால், தனித்தனிச் சித்திரங்கள் ஒன்றாகி உயிர் பெற்று நடப்பது போல் தோன்றுகின்றன. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ என்ற கற்காலக் குடும்பத்தின் கதை தொலைக்காட்சியில் வந்தது. பெரியவர்களும் கூடியிருந்து பார்க்கும் இரவு நேரத்தில், சித்திரக் குடும்பம் ஒன்று வாராவாரம் வந்து சிரிக்க வைத்தது அதுவே முதல்முறை. 1989 டிசம்பரில் ‘சிம்ப்சன்ஸ்’ தொடங்கியது. குழந்தைகளுக்கென்று மட்டும் எண்ணப்பட்ட சித்திரம், நாட்டையும் வீட்டையும் திறனாயும் கருவியாக மாறியது.

உளவு அதிகாரியின் வீடு

அவ்வழியில் வந்ததே ‘அமெரிக்கன் டாட்’ என்னும் தொடர். சேத் மெக்ஃபார்லேன், மைக் பார்க்கர், மேட் வைட்ஸ்மேன் ஆகிய மூவரும் உருவாக்கிய இத்தொடர் 2005 பிப்ரவரி 6ஆம் நாள் முதலில் ஒளிபரப்பாயிற்று.

இதன் தலைவன் ஸ்டான் ஸ்மித். அமெரிக்க அரசின் சி.ஐ.ஏ. என்னும் உளவு நிறுவனத்தில் பணிபுரிபவன். மனைவி ஃபிரான்சின், மகள் ஹேலி, மகன் ஸ்டீவ். இவர்களோடு வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ரோஜர் என்பவனும், மனித மூளை பொருத்தப்பட்ட கிளாஸ் என்ற பொன்மீனும் அதே வீட்டில் வாழ்கிறார்கள்.

இக்கதை பிறந்த காலத்தை அறிந்தால்தான் இதன் நகை விளங்கும். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நடந்த தாக்குதல்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். அச்சம் அந்நாட்டைப் பற்றிக்கொண்டது. ஆபத்தின் அளவை ஐந்து நிறங்களால் அறிவிக்கும் முறையை அரசு 2002இல் கொண்டுவந்தது. 2011 வரை அது நடைமுறையில் இருந்தது. அயலார் எவரைக் கண்டாலும் ஐயுறும் மனநிலை வளர்ந்தது. அந்த மனநிலைக்குக் கையும் காலும் முளைத்தவனே ஸ்டான்.

முதல் கதையில் ஒரு காட்சி உண்டு. சமையலறையில் ரொட்டி வாட்டும் கருவியிலிருந்து ரொட்டித் துண்டு திடீரென மேலே துள்ளுகிறது. பகைவன் வந்துவிட்டான் என்று ஸ்டான் துப்பாக்கியால் அக்கருவியைச் சுட்டுவிடுகிறான். இது பேதைமையில் பிறந்த நகை. மகள் ஹேலி அரசின் போக்கை எதிர்த்துப் பேசுகிறாள். தந்தையோ தான் கொண்ட கருத்தைத் தவிர வேறொன்றைக் காதில் வாங்குவதில்லை. இது மடனில் பிறந்த நகை.

எல்லாவற்றிலும் ஆழமானது மற்றொன்று. அயலார் அனைவரையும் ஐயுறும் அதே ஸ்டானின் வீட்டில், உலகிலேயே பெரிய அயலானாகிய வேற்றுக் கிரகத்தான் குடும்பத்தில் ஒருவனாக உண்டு உறங்குகிறான். முன்பொரு சமயம் ஸ்டானின் உயிரைக் காத்தவன் அவனே. ஆகவே அரசுக்குத் தெரியாமல் ஸ்டானே அவனை மறைத்து வைத்திருக்கிறான். பெயரும் ஊரும் அறிந்து பழகிவிட்டால் அயலான் என்று எவனும் இல்லை என்பதை எந்த அறவுரையும் கூறாமல் இக்கதை காட்டிவிடுகிறது.

இங்கே சிரிக்கப்படுபவன் யார்? கையில் துப்பாக்கியும் பின்னால் அரசும் உடைய வலியவன். அவனைப் பார்த்து அவன் நாட்டவரே சிரிக்கிறார்கள். கட்டியங்காரன் கூத்து மேடையில் அரசனைக் கேலி செய்யும் உரிமையும் இத்தகையதே. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த நாடு, தன்னைத் திருத்திக்கொள்ளவும் வழி உடையது.

நம் நாட்டுச் சித்திரங்கள்

இனி நம் பக்கம் வருவோம். 2012இல் தொடங்கிய ‘மோட்டு பட்லு’ என்ற இந்திச் சித்திரத் தொடரை அறியாத சிறுவர் இல்லை. அதில் சிங்கம் என்ற பெயரை நினைவூட்டும் ‘சிங்கும்’ என்ற காவல் ஆய்வாளர் வருகிறார். அவரும் அரசு அதிகாரியே. அவர் தென்னாட்டுச் சாயலில் இந்தி பேசுகிறார். வடநாட்டுச் சிறுவர் அவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கின்றனர். அவர் செய்யும் தவறுகளைக் கண்டு வரும் சிரிப்பு பேதைமையைச் சார்ந்தது. அவர் பேசும் விதத்தைக் கேட்டு வரும் சிரிப்பு எதைச் சார்ந்தது? அது எள்ளல் அன்றோ!

‘சிம்ப்சன்ஸ்’ தொடரிலும் இந்தியக் கடைக்காரர் ஒருவர் உண்டு. அப்பு என்பது அவர் பெயர். 1990 முதல் அமெரிக்க நடிகர் ஹாங்க் அசாரியா அவருக்கு இந்திய உச்சரிப்பில் குரல் கொடுத்து வந்தார். அந்நாட்டில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பலரைப் பள்ளியில் அப்பெயரால் அழைத்து, அக்குரலில் பேசிக் கேலி செய்தார்கள். இதனை 2017இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் ஓர் ஆவணப்படமாக எடுத்துக் காட்டினார். 2020இல் அசாரியா அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதை நிறுத்தினார். முப்பதாண்டுச் சிரிப்பின் மறுபக்கத்தில் எத்தனை பிள்ளைகளின் தலைகுனிவு இருந்தது, பாருங்கள்!

சித்திரமன்றி, நடிகர்களே நடித்த ‘தி ஃபேமிலி மேன்’ என்ற இந்தியத் தொடர் 2019இல் இணையவழி வெளிவந்தது. இதுவும் ஓர் அரசு உளவு அதிகாரியும் அவர் குடும்பமும் பற்றியதே. பகலில் நாட்டைக் காக்கும் ஸ்ரீகாந்த் திவாரி, வீட்டில் மனைவியின் மனத்தாங்கலுக்கும் பிள்ளைகளின் கேலிக்கும் ஆளாகிறார். வேலையில் இரகசியம் காக்கும் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்து குடும்பத்தைப் பிரிக்கும் துயரம் அதில் உண்டு. 2021 சூன் 4ஆம் நாள் வெளியான அதன் இரண்டாம் பகுதி சென்னையில் நிகழ்வது. ஈழத் தமிழரைத் தீவிரவாதிகளாகக் காட்டுகிறது என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அதனைத் தடுக்குமாறு தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் நடுவண் அரசுக்கு மே மாதத்திலேயே மடல் எழுதினார். தொடரோ வெளியாயிற்று. தமிழ்ப் பாத்திரங்கள் தமிழிலேயே பேசியதைப் பாராட்டியவர்களும் உண்டு. ஒரே கதையைக் கண்டு ஒருவர் மகிழ, மற்றொருவர் புண்படுவது ஏன் என்று கேட்பதே படித்தவர்க்கு அழகு.

நமக்கென்ன பாடம்?

சங்கரன்கோவில் சந்தையிலும் மேலநீலிதநல்லூர்த் தெருக்களிலும் நாம் பேசும் பேச்சையே எடுத்துக்கொள்வோம். ‘ஏட்டி’, ‘ஏலே’ என்று திரையில் ஒரு பாத்திரம் கூறிவிட்டால் போதும், சிரிப்பொலி எழுகிறது. அது நகைச்சுவை நடிகரின் பேச்சு, அல்லது அரிவாள் தூக்குபவரின் பேச்சு என்று திரைப்படங்கள் பழக்கிவிட்டன. இங்கிருந்து சென்னைக்கும் கோவைக்கும் மேற்படிப்புக்குச் செல்லும் மாணவி, விடை தெரிந்திருந்தும் வாய் திறக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எள்ளலின் விலையை அவளே கொடுக்கிறாள்.

ஆனால் நாம் மட்டும் குற்றமற்றவர்களோ? வடநாட்டிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் தொழிலாளர் பேசும் தமிழைக் கேட்டு நாம் சிரிப்பதில்லையா? திக்கிப் பேசும் தோழியைப் போல் பேசிக் காட்டுவதில்லையா? அப்புவைக் கேலி செய்த பள்ளிக்கும் நமக்கும் அப்போது வேற்றுமை ஏது?

ஆகவே எந்தச் சித்திரத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்.

1. சிரிக்கப்படுபவர் வலியவரா, எளியவரா?
2. அவர் செய்த செயலுக்காகச் சிரிக்கிறோமா? அன்றி அவருடைய மொழி, நிறம், ஊர், உடற்குறை ஆகியவற்றுக்காகவா?
3. அவரே நம் அருகில் அமர்ந்திருந்தால் நம்மோடு சேர்ந்து சிரிப்பாரா?

மூன்றாம் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வருமானால் மனமாரச் சிரிக்கலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

‘பொம்மைப் படந்தானே’ என்று கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குச் செல்வது இன்று எல்லா வீடுகளிலும் நடப்பதே. சித்திரம் எல்லாம் சிறுவர்க்குரியதன்று. ‘அமெரிக்கன் டாட்’ தொடரில் சிறுவர் கேட்கத் தகாத பேச்சும் காணத் தகாத காட்சியும் உண்டு. அது வளர்ந்தவர்க்கென்றே எழுதப்பட்டது.

2021 பிப்ரவரியில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, இணையவழித் தொடர்களுக்கு அனைவர்க்கும் உரியது, 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல், வயது வந்தோர்க்கு மட்டும் என ஐந்து வகைக் குறிப்புகள் உண்டு. 13 வயதும் அதற்கு மேலும் குறிக்கப்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தரப்படவேண்டும். படத்தின் தொடக்கத்தில் தோன்றும் அக்குறிப்பைப் பார்க்க ஒரு நொடி போதும். அதனினும் சிறந்தது, பத்து நிமிடமேனும் பிள்ளையின் அருகில் அமர்ந்து சேர்ந்து பார்ப்பது. பூட்டைத் திறக்கப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்வார்கள். உடன் அமர்ந்து ‘இது ஏன் சிரிப்பு வருகிறது?’ என்று கேட்ட தாயின் கேள்வியோ என்றும் உடன் வரும்.

முடிவுரை

நகைக்கத் தெரியாத வாழ்வு உப்பில்லாத கூழ் போன்றது. சிரிப்பை விட்டுவிடச் சொல்வது நம் கருத்தன்று. தொல்காப்பியர் காட்டிய நான்கில் இளமையும் பேதைமையும் மடனும் மனிதர் யாவர்க்கும் பொதுவானவை. அவற்றைக் கண்டு சிரிக்கும்போது நம்மையும் சேர்த்தே சிரிக்கிறோம். எள்ளல் ஒன்றே பிறரைத் தனியே நிறுத்திச் சிரிப்பது. அதனைக் கையாளும்போது கத்தியைக் கையாளும் கவனம் வேண்டும். வலியவரின் செருக்கை அறுக்க அது பயன்படும். எளியவரின் நெஞ்சைக் கிழிக்கவும் செய்யும். இவ்வேற்றுமையை அறிந்து சிரிக்கும் மாணவியரே நாளைய வீட்டுக்கும் நாட்டுக்கும் ஒளி தருவர்.