அருகிருந்து காணல்

நுழையும்முன்

ஒரு தொழிலின் பெயரையும் அதன் சிறப்பையும் பலர் கூறக் கேட்கிறோம். அதன் அன்றாட உழைப்பை அருகிலிருந்து காணும் வாய்ப்போ சிலருக்கே கிடைக்கிறது. கேட்டதைக்கொண்டு தேர்வதா, கண்டதைக்கொண்டு தேர்வதா? அமெரிக்காவில் இயன்முறை மருத்துவம் பயில விரும்புவோர் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மருந்தாகும் பயிற்சி

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என நான்கு கூறுகளாகப் பகுத்தார். இயன்முறை மருத்துவத்தில் மருந்தின் இடத்தைப் பெரும்பாலும் பயிற்சியே பெறுகிறது. அப்பயிற்சியைச் செய்யவேண்டியவர் நோயுற்றவர். எனவே, இம்மருத்துவரின் திறன் தாம் செய்வதில் மட்டுமன்றிப் பிறரைச் செய்யவைப்பதிலும் அடங்கியுள்ளது.

அமெரிக்காவில் இத்துறை முதல் உலகப்போர்க் காலத்தில் வேரூன்றியது. காயமுற்ற வீரர்கள் மீண்டும் நடக்கவும் கைகளை இயக்கவும் துணைபுரிய மகளிர் பலர் பயிற்சி பெற்றனர். அவர்களின் முன்னோடி மேரி மெக்மில்லன். அவர் 1918ஆம் ஆண்டில் போர்ட்லாந்து நகரின் ரீடு கல்லூரியில் இப்பயிற்சியை அளித்தார். 1921இல் தோன்றிய இயன்முறை மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. பின்னர் இளம்பிள்ளைவாதம் பரவிய காலங்களில் இத்துறையின் தேவை மேலும் பெருகியது.

விண்ணப்பத்திற்கு முன்

இன்று அங்கு பெரும்பாலும் இளநிலைப் பட்டம் பெற்ற பின்னரே இயன்முறை மருத்துவ முனைவர் படிப்பில் சேர இயலும். அது பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பாகும். பல கல்வி நிறுவனங்கள் மதிப்பெண்களுடன் 'பார்வை நேரம்' என்னும் அனுபவத்தையும் எதிர்பார்க்கின்றன. உரிமம் பெற்ற இயன்முறை மருத்துவர் பணிபுரியும் இடத்தில் உடனிருந்து காணும் நேரமே அது. எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். சில நிறுவனங்கள் அதனைக் கட்டாயமாக்குகின்றன. சில பரிந்துரைக்க மட்டுமே செய்கின்றன. மருத்துவமனையின் உள்நோயாளர் பிரிவு, புறநோயாளர் சிகிச்சையகம், முதியோர் இல்லம், குழந்தைகளுக்கான மையம் எனப் பல சூழல்களையும் கண்டிருப்பது நன்மை தரும். ஏனெனில், விளையாட்டு வீரரின் கணுக்காலைக் காண்பதும் பக்கவாதத்தால் தளர்ந்த முதியவரின் கையைக் காண்பதும் ஒன்றல்ல.

தாங்காத கை

இவ்வாறு காணச் சென்ற ஒரு மாணவியின் காலைப்பொழுதை எண்ணிப் பார்ப்போம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட மூதாட்டி ஒருவர் கட்டிலில் அமர்ந்திருக்கிறார். மருத்துவர் கோணமானியால் முழங்கால் மடங்கும் அளவைக் குறிக்கிறார். நாற்காலியிலிருந்து இயல்பாக எழுவதற்கு ஏறத்தாழ 90 பாகையேனும் முழங்கால் மடங்க வேண்டும். மூதாட்டிக்கு இன்னும் அந்த அளவு கைகூடவில்லை. அவர் எழ முயல்கிறார். வலியால் முகம் சுளித்து மீண்டும் அமர்கிறார்.

மாணவியின் கை அவரைத் தூக்கிவிடத் துடிக்கிறது. மருத்துவரோ மூதாட்டியின் இடுப்புப் பட்டையருகே கையை வைத்தபடி காத்திருக்கிறார். விழுந்தால் தாங்கும் தொலைவில் அந்தக் கை இருக்கிறது, ஆனால் தூக்கவில்லை. தூக்கிவிட்டால் எழுந்தது மூதாட்டியின் கால்களாக இராது. மூன்றாம் முயற்சியில் அவர் எழுந்து நிற்கிறார்.

இரக்கம் என்பது உடனே உதவுவது மட்டுமன்று, உதவாமல் அருகில் நிற்பதும் சில வேளைகளில் இரக்கமே என்பதை மாணவி அன்று அறிகிறாள். எந்த நூலும் இதனை இவ்வளவு தெளிவாகக் கற்பித்துவிட இயலாது.

காண்பவரின் கடமைகள்

நோயாளர் காட்சிப்பொருள் அல்லர். அவருடைய இசைவு பெற்ற பின்னரே காண்பவர் அறைக்குள் நுழைய வேண்டும். நோயாளரைத் தாமாகத் தொடுதலும் அறிவுரை கூறுதலும் கூடா. நோயாளரின் மருத்துவச் செய்திகளைக் காக்க அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே குறிப்பேட்டில் பெயரோ அடையாளமோ இடம்பெறலாகாது. எந்தப் பயிற்சி, எதற்காக, என்ன மாற்றம் என்பனவற்றை எழுதலாம். ஐயங்களை நோயாளர் சென்ற பின் கேட்பது பண்பு.

மணிக்கணக்கை நிறைவுசெய்து கையொப்பம் பெறுவது மட்டுமே நோக்கமானால், இந்நேரம் வீணாகிவிடும். 'ஒரே பயிற்சியை நாள்தோறும் பலருக்குச் சலிப்பின்றிக் கற்பிக்க என்னால் இயலுமா? மெதுவாக வரும் நலத்திற்காகக் காத்திருக்க முடியுமா?' என்று தம்மையே வினவுவோர்க்குத்தான் அது பயன் தரும். விடை 'இல்லை' என வந்தாலும் இழப்பில்லை. பொருளும் ஆண்டுகளும் செலவான பின் அறிவதைவிட முன்னரே அறிவது நன்று.

நம் சூழலில்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் நேரடியாக இளநிலை இயன்முறை மருத்துவப் படிப்பில் சேரலாம். அதாவது, அமெரிக்க மாணவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற பின் எடுக்கும் முடிவை நம் மாணவர் பள்ளி முடிந்தவுடனேயே எடுக்கின்றனர். இளம் வயதில் முடிவெடுப்போர்க்கு அருகிருந்து காணும் அனுபவம் இன்னும் மிகுதியாகத் தேவை. விதி கேட்காவிடினும், உரிய அனுமதியுடன் ஓரிரு நாள்களேனும் ஒரு சிகிச்சைப் பிரிவைக் கண்டுவரலாம். பிறர் உடலின் வலியோடு தொடர்புடைய ஒரு தொழிலைத் தேர்வதற்கு முன், அவ்வலியின் அருகே சிறிது நேரம் நின்று பார்ப்பது நோயாளருக்கும் நமக்கும் செய்யும் நேர்மையாகும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் தேர்ந்தெடுக்க விரும்பும் தொழிலைச் செய்யும் ஒருவரை, அவருடைய இசைவுடன் அரைநாள் உடனிருந்து கண்டு, ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதுக.
2. 'உதவாமல் அருகில் நிற்பதும் இரக்கமே' – இக்கூற்றை உங்கள் வாழ்க்கை நிகழ்வு ஒன்றன்வழி விளக்குக.
3. 'தொழிலைத் தேர்வதற்கு மதிப்பெண் போதுமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.