கிணற்று நீரை லிட்டரில் அளத்தல்

பால், எண்ணெய் முதலியவற்றைப் படியிலும், ஆழாக்கிலும், கேலனிலும் அளந்த வழக்கம் சட்டத்தினால் மாறிற்று. 1956-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட நிறை அளவைச் சட்டம் 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாக அமுலுக்கு வந்தது; 1962 ஏப்ரல் முதல் வியாபாரத்தில் மெட்ரிக் அளவைகளே செல்லத்தக்கவை ஆயின. ஆயினும் நீரைப் பற்றிய கணக்கில் பழைய அளவை இன்னும் நீங்கவில்லை. கிணற்றின் ஆழத்தை அடியில் சொல்லுகின்றனர். ஏரியின் கொள்ளளவைக் கன அடியில் சொல்லுகின்றனர். கிணற்று நீரைச் சுத்தி செய்யும் மருந்தின் அளவோ லிட்டர்க் கணக்கில் விதிக்கப்பட்டுள்ளது. ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தெரியாவிடில், மருந்திட்டும் பயனின்றிப் போகும்.

திருமுடிவாக்கம் போன்ற கிராமங்களுக்கு இக்கணக்கு மிகவும் அவசியம். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் திறக்கப்படுங்கால் எச்சரிக்கை பெறும் ஊர்களுள் காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை ஆகியவை அடங்கும். வெள்ளம் புகுந்த கிணற்றின் நீரை மருந்திடாமல் குடிப்பது வயிற்றுப்போக்கு, காலரா முதலிய நோய்களுக்கு இடங்கொடுப்பதாகும்.

அளவை வாய்பாடு

1 திரவ அவுன்ஸ் = 28.4 மில்லி லிட்டர்
20 அவுன்ஸ் = 1 பைண்ட் = 568 மில்லி லிட்டர்
8 பைண்ட் = 1 கேலன் = 4.546 லிட்டர்
1 கன அடி = 6.23 கேலன் = 28.317 லிட்டர்
1 கன மீட்டர் = 35.3 கன அடி = 1,000 லிட்டர்

இங்கே கேலன் என்றது பிரிட்டிஷ் கேலனை. அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டரே கொள்ளும். படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தமையால், வீட்டிலுள்ள பழைய படியை லிட்டர்ப் பாத்திரத்தால் நீர் ஊற்றி அளந்தறிவதே உத்தமம்.

கிணற்றை அளக்கும் முறை

வட்டக் கிணறாயின் இரண்டு அளவுகள் போதும். முதலாவது, உட்புறக் குறுக்களவு. இரண்டாவது, நீரின் ஆழம். கல் கட்டிய கயிற்றை அடிமட்டும் இறக்கி, வெளியே எடுத்து, நனைந்த பாகத்தை மட்டும் அளக்க வேண்டும். கிணற்றின் முழு ஆழத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது.

குறுக்களவைக் குறுக்களவால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும், பிறகு 0.7854 என்னும் எண்ணாலும் பெருக்கினால் கன அடி கிடைக்கும். அதை 28.317-ஆல் பெருக்கினால் லிட்டர். கடைசி இரு பெருக்கல்களையும் ஒன்றாக்கி, 22¼-ஆல் பெருக்கினாலும் போதும்.

உதாரணம்: குறுக்களவு 10 அடி, நீரின் ஆழம் 12 அடி. 10 × 10 × 12 = 1,200. இதை 22¼-ஆல் பெருக்க, 26,700 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2½ கிராம் என்பது பொது விகிதம். ஆகவே இக்கிணற்றுக்கு ஏறக்குறைய 67 கிராம் தேவை.

நேரக்கூடிய பிழைகள்

மேற்படி கிணற்றில் 5,870 கேலன் நீர் உள்ளது. அதையே லிட்டர் என்று கொண்டால் 15 கிராம் என்று விடை வரும். இது வேண்டிய அளவில் கால் பங்குக்கும் குறைவு. நீர் சுத்தமாகாது, சுத்தமாயிற்று என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். கிணற்றின் முழு ஆழம் 30 அடி என்று வைத்துக்கொண்டு அதனால் பெருக்கினாலோ, மருந்து இரண்டரை மடங்காகிவிடும். பின்னத்தை இடையில் தள்ளாமல், விடை வந்த பின்பே முழு எண்ணாக்க வேண்டும்.

பவுடரைக் கிணற்றில் நேரே கொட்டலாகாது. வாளியிலிட்டுச் சிறிது நீரால் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்படி சில நிமிஷங்கள் விட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் வடித்துக் கிணற்றுள் இறக்கி நன்கு கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழியுமுன் நீர் இறைக்கலாகாது. ஆதலால் இரவில் செய்வது நலம். கலங்கல் நீருக்கு மருந்து அதிகம் செல்லுமாகையால், சுகாதார ஆய்வாளரைக் கொண்டு நீரில் எஞ்சிய குளோரினைச் சோதித்துக்கொள்ள வேண்டும். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்துவிடும்.

ஏரிக் கணக்கு

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 10,321 கோடி லிட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறக்கப்பட்டது. இதை 28.317-ஆல் பெருக்கினால், வினாடிக்கு 8 லட்சத்து 21 ஆயிரம் லிட்டர். மேலே கண்ட 10 அடிக் கிணறுகள் முப்பதை ஒரே வினாடியில் நிரப்பத்தக்க வெள்ளம் அது. கன அடி என்ற சொல்லை இவ்வாறு பெயர்த்து அறிந்தவருக்கே எச்சரிக்கையின் கனம் விளங்கும்.

பயிற்சி

1. குறுக்களவு 8 அடி, நீரின் ஆழம் 15 அடி உள்ள கிணற்றில் எத்தனை லிட்டர்? மருந்து எவ்வளவு?
2. நீளம் 6 அடி, அகலம் 5 அடி, உயரம் 4 அடி உள்ள தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும்?
3. 5 கேலன் டின் எத்தனை லிட்டர்?

விடைகள்: (1) 21,360 லிட்டர், 53 கிராம். (2) 3,398 லிட்டர். (3) 22.73 லிட்டர்.

ஒவ்வொரு சங்கத்தாரும் தம் ஊரிலுள்ள குடிநீர்க் கிணறுகளின் குறுக்களவை மழைக்காலத்துக்கு முன்பே அளந்து, சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். வெள்ளம் வடிந்த நாளில் நீரின் ஆழத்தை மட்டும் அளந்தால் கணக்கு முடிந்துவிடும்.