ஒரு கம்பியும் பல கருவிகளும்

கணினியின் முறைவழியாக்கி ஓயாது கணித்துக்கொண்டிருப்பது. சாவிப்பலகை, வட்டு, வலையமைப்பு அட்டை முதலிய கருவிகளோ தமக்குத் தேவை நேரும்போது மட்டுமே அதன் கவனத்தை வேண்டுவன. அவ்வேளை அவை ஒரு கம்பி வழியாக விடுக்கும் மின் சமிக்ஞையே குறுக்கீடு எனப்படும்.

1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் இத்தகைய கம்பிகள் 8 இருந்தன. 1984இல் வந்த ஏ.டி. மாதிரியில் 15 பயன்பட்டன. கருவிகள் பெருகவே, ஒரு கம்பியைப் பல கருவிகள் பங்கிடுதல் இன்றியமையாததாயிற்று. ஆயின், அக்கணினிகளில் கம்பியின் மின்னழுத்தம் மாறும் கணமே அழைப்பாகக் கொள்ளப்பட்டது. இரு கருவிகள் ஒருங்கே அழைப்பின், ஒன்றன் அழைப்பு மறைந்துபோதலுங் கூடும். 1992இல் வகுக்கப்பட்ட பி.சி.ஐ. முறை இக்குறையை நீக்கிற்று. அம்முறையிற் கருவியானது தன் தேவை நிறைவேறுமளவும் கம்பியைத் தாழ்ந்த அழுத்தத்திற் பிடித்துவைத்திருக்கும். ஒன்று விடுத்தாலும் மற்றொன்று பிடித்திருக்குமாயின் அழைப்பு நிலைத்து நிற்கும்.

இனி, அழைத்த கருவி யாதென அறிவது எங்ஙனம்? கம்பி அதனைக் கூறாது. பணிசெயல் முறைமையே வினவி அறிதல் வேண்டும். லினக்சு, அக்கம்பிக்கெனப் பதிவுசெய்துள்ள செலுத்தி நிரல்கள் அனைத்தையும் வரிசையாக அழைக்கும். ஒவ்வொரு நிரலும் தன் கருவியின் நிலையைச் சோதித்து, ‘என்னுடையதன்று’ என்றோ, ‘என்னுடையது, ஆவன செய்தேன்’ என்றோ விடையிறுக்கும். விண்டோசோ, இவ்வகைக் கம்பியில், ‘என்னுடையது’ என்னும் முதல் விடையுடன் நின்றுவிடும். வேறொரு கருவியும் அழைத்திருப்பின் கம்பி விடுபடாதாகலின், குறுக்கீடு மீண்டும் எழ, அடுத்த முறை அதுவும் கவனிக்கப்படும்.

இவ்வேற்பாடு முழுவதும் நிரல்களின் மெய்ம்மையையே சார்ந்துள்ளது. தனதல்லாததைத் தனதென்று கூறும் நிரல், உரியதன் முறையைத் தடுத்துவிடும். அழைத்த கருவிக்குரிய நிரல் அதனை மறுப்பின், கம்பி விடுபடாமற் குறுக்கீடுகள் முடிவின்றி எழுந்து கணினியை முடக்கும். ஆதலின் லினக்சு, 100,000 குறுக்கீடுகளுள் 99,900க்கு மேற்பட்டவை உரியவரின்றி நின்றனவெனக் காணின் அக்கம்பியையே அடைத்துவிடுகின்றது. அப்போது குற்றமற்ற அயற்கருவிகளும் முடங்கும், அன்றேல் பெரிதும் தளரும்.

1998இன் பி.சி.ஐ. 2.2 விதிகள், கம்பியின்றி நினைவக முகவரியொன்றிற் செய்தி எழுதி அழைக்கும் வழியைத் தந்தன. அதனாற் பங்கீட்டின் தேவை குறைந்ததாயினும் முற்றாக ஒழிந்திலது. எனவே, செலுத்தி நிரல் எழுதப் புகும் மாணவர் தம் கருவியை மட்டும் எண்ணாது, அதே கம்பியிலுள்ள அயற்கருவிகளையும் எண்ணி எழுதுவாராக.