கோழி இதழில் வந்த கண்டுபிடிப்பு

கேள்வி: நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவரின் தகுதியை, அவர் கட்டுரைகள் வந்த இதழ்களை வைத்து எடைபோடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: போட்டால் புரூஸ் கிளிக் தேறியிருக்க மாட்டார். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, கோழிக்குஞ்சுகளின் எச்சத்துளையையொட்டிய ‘பர்சா’ என்ற சிறு பையை வெட்டியெடுத்துவிட்டு வளர்த்துவந்தார். வகுப்பில் செய்துகாட்ட அவரிடம் கோழிகளை வாங்கிப்போன சக மாணவர் டோனி சாங், சால்மொனெல்லா கிருமியை ஊசியில் ஏற்றினார். பர்சா இல்லாதவற்றில் ஆன்டிபாடி உருவாகவில்லை. (பாடம் சொதப்பியதில் அவருக்கு எவ்வளவு எரிச்சலோ!) கட்டுரையை ‘சயின்ஸ்’ திருப்பியனுப்ப, 1956இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ வெளியிட்டது. சில ஆண்டுகள் சீந்துவாரில்லை. இன்று பாடநூல்களில் இருக்கும், ஆன்டிபாடியை உருவாக்கும் ‘பி செல்’லின் ‘பி’, அந்தப் பர்சாதான். மேற்கோள் கணக்கைப் பாருங்கள், தப்பில்லை. கட்டுரையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.