புகை வருமுன் வீட்டைத் தயார் பண்ணுவோம்

ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றுக் காலம். சுமத்ராவில் காடும் கரிமண் நிலமும் பற்றிக்கொண்டால் சிங்கப்பூர்த் தேக்காவில் நமக்குக் கண் எரியும். அந்தத் தீயை நாம் போய் அணைக்க முடியாது, ஆனால் வீட்டுக்குள் வரும் புகையை அதிகச் செலவில்லாமல் குறைக்கலாம்.

1. என்95 முகக்கவசத்தை வானம் தெளிவாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். 2013 ஜூன் 21 நண்பகல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது, கடை கடையாக ஏறி இறங்கியும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் ஏராளம். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பிரித்துக்கொண்டால் பணமும் மிச்சம், காலாவதியாகி வீணாகவும் செய்யாது.

2. கொவிட் காலத்து நீல முகக்கவசம் மிச்சமிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், அதன் ஓரங்களில் நுண்துகள் தாராளமாக நுழையும். என்95ஐ மாட்டி மூச்சை விட்டுப் பாருங்கள். மூக்கோரம் காற்று கசிந்தால் கம்பியை இன்னும் அழுத்துங்கள். அழுக்காகாமல், வடிவம் குலையாமல் இருந்தால் அதையே மறுபடியும் போடலாம். தாடி வைத்த வீட்டுக்காரருக்கு எந்தக் கவசமும் சரியாக ஒட்டாது, இந்தச் சாக்கில் சொல்லிப் பாருங்களேன்!

3. முழு வீட்டையும் காபந்து பண்ணப் பார்த்தால் பணம்தான் கரையும். எல்லோரும் படுக்கக்கூடிய ஓர் அறையைப் ‘புகையில்லா அறை’ என்று முடிவு செய்யுங்கள். சன்னல் சட்டத்தைச் சுற்றிப் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டுங்கள், எடுக்கும்போது கறை விடாது. கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வையுங்கள். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் இருக்கிற பலகைச் சன்னல்கள் எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் பல்லைக் காட்டும். அவற்றின்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிடுவதுதான் வழி. குளியலறைச் சன்னலின் கண்ணாடிப் பட்டிகளை மறந்துவிடுகிறோம், குளியலறைக் கதவு சாத்தியே இருக்கட்டும்.

4. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குமுன் அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்குங்கள். 12 சதுர மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம் என்றால் சுமார் 31 கனமீட்டர். மணிக்கு அதைப்போல மூன்று மடங்கு, அதாவது ஏறக்குறைய 94 கனமீட்டர் சுத்தக் காற்று தரும் கருவி போதும். கடைக்காரர் காட்டும் பெரியது நமக்கு வேண்டாம். ஓசோன் விடும் ரகமும் வேண்டவே வேண்டாம்.

5. கருவியைவிட வடிகட்டிதான் காலப்போக்கில் செலவு வைக்கும், வாங்கும்போதே மாற்று வடிகட்டியின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெபா வடிகட்டியைக் கழுவினால் கெட்டுவிடும். அதன் முன்னால் இருக்கும் வலையைத் தூசு உறிஞ்சியைக் கொண்டு சுத்தம் செய்தால் போதும்.

6. சுவரில் மாட்டும் ஏர்கான் உள்காற்றையேதான் சுற்றிவிடும், ஆகவே தைரியமாகப் போடலாம். சன்னலில் பொருத்திய பழைய பெட்டியாக இருந்தால் வெளிக்காற்றுத் துவாரத்தை மூடிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை வலையைக் குழாய் நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், மின்கட்டணமும் குறையும்.

7. வெளியே புகை என்று சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே மிளகாய் வறுத்தால் யாரைக் குறை சொல்ல? அந்த நாட்களில் அப்பளத்தையும் மீன் வறுவலையும் தள்ளி வையுங்கள். இட்லி, புட்டு, குக்கர் சாதம் இருக்கவே இருக்கிறது. தாளிப்பதை மாவு அரைப்பதைப்போல ஒரே தடவையில் முடித்து டப்பாவில் போட்டு வைத்தால் ரசத்துக்கும் ஆகும், சட்னிக்கும் ஆகும்.

8. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி மூன்றுக்கும் கொஞ்ச நாள் விடுமுறை. சாமிக்கு ஒரு முழம் மல்லிகை போதும்.

9. தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்போதே நடக்கப் போகலாமா என்பதற்கு ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவு: 55 வரை வழக்கமானது, 150ஐத் தாண்டினால் வீட்டிலேயே கைகால் நீட்டுங்கள். நாளைக்குத் திட்டமிட 24 மணி நேரத் தூய்மைக்கேட்டுக் குறியீடு: 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 300ஐத் தாண்டினால் ஆபத்து. ‘மைஎன்வ்’ செயலியில் லிட்டில் இந்தியாவுக்கு மத்திய வட்டாரத்தைப் பாருங்கள்.

10. குறியீடு இறங்கியதும் சன்னலைத் திறந்து காற்றை மாற்றிவிடுங்கள், அடைத்தே வைத்தால் தலைவலி வரும். துடைப்பம் போட்டால் படிந்த தூசு மறுபடி எழும்பும், ஈரத்துணியே மேல். மூங்கில் கழியில் துணி காயப்போட முடியாத நாட்களில் விசிறியை மெதுவாக ஓடவிட்டு உள்ளேயே கொடியில் உலர்த்தலாம்.

11. ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் தீர்வதற்குள் பலதுறை மருந்தகத்தில் இன்னொன்று வாங்கி வையுங்கள். 2015 செப்டம்பர் 25இல் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டதுபோல் இன்னொரு நாள் வந்தால் பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் பக்கத்து வீட்டோடு இப்போதே பேசிவையுங்கள். தனியாக இருக்கும் பாட்டி கதவைத் தட்டி, சன்னல் சாத்த அவரால் முடிகிறதா என்று கேளுங்கள்.

12. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகும்போது பையில் உபரியாக இரண்டு என்95 போட்டுக்கொள்ளுங்கள். கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தம்பி யாராவது இருமிக்கொண்டு நின்றால் கொடுக்கலாம். வேலையிடத்துக்கான கவசத்தை முதலாளியிடம் தயங்காமல் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

13. மாடத்துத் துளசியிலும் கறிவேப்பிலையிலும் சாம்பல் படியும். அரிசி கழுவிய தண்ணீரை வேருக்கும், தெளிப்பானில் நல்ல தண்ணீரை இலைக்கும் விடுங்கள். பறித்த இலையை இரண்டு தடவை அலசிவிட்டுத் தாளிக்கலாம்.